குடிக்கு ஒரு துறை, அடிக்கு ஒரு துறை: குடும்ப வன்முறையைத் தடுக்க அரசு எவ்வளவு செலவு செய்கிறது?

"குடிச்சிட்டு வந்து அடிக்கிறாரு."

இந்த வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பக்கத்து வீட்டிலிருந்து, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமிருந்து, சில சமயம் சொந்த வீட்டுக்குள்ளேயே. அதைச் சொல்லும் பெண்ணுக்கு அது ஒரே பிரச்னை. ஒரே ஆள், ஒரே ராத்திரி, ஒரே வீடு.

அரசின் பட்ஜெட் புத்தகத்தைப் புரட்டினால் அந்த வாக்கியம் இரண்டாக உடைந்து கிடக்கிறது. 'குடிச்சிட்டு வந்து' என்ற பாதி, சமூக நீதி அமைச்சகத்தின் கணக்கில் இருக்கிறது. 'அடிக்கிறாரு' என்ற மீதி, மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் கணக்கில் இருக்கிறது. அவர் குடித்த பாட்டிலிலிருந்து வந்த வரி மூன்றாவதாக ஓர் இடத்துக்கு, மாநில அரசின் கஜானாவுக்குப் போகிறது.

இந்த மூன்று கணக்குகளையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குடிக்கும் அடிக்கும் உண்மையில் என்ன தொடர்பு?

முதலில் தரவு. 2019-21 காலகட்டத்தில் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான பெண்களிடம் கணவரின் வன்முறை பற்றிக் கேட்டது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், வேறு யாரும் அருகில் இல்லாதபோதுதான் இந்தக் கேள்விகள் கேட்கப்படும். இந்தியா முழுவதும் 29.3 சதவீதப் பெண்கள், கணவரின் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையை எப்போதாவது அனுபவித்திருப்பதாகச் சொன்னார்கள். பத்தில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே எண்ணைக் கணவரின் குடிப்பழக்கத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தால் படம் மாறுகிறது. கணவர் குடிக்கவே மாட்டார் என்று சொன்ன பெண்களில் வன்முறையை அனுபவித்தவர்கள் 23 சதவீதம். கணவர் அடிக்கடி போதையில் இருப்பார் என்று சொன்ன பெண்களில் அது 70 சதவீதம். மூன்று மடங்கு.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்தேதான் படிக்க வேண்டும். 70-ஐ மட்டும் பார்த்தால், 'எல்லாத்துக்கும் குடிதான் காரணம், அதை நிறுத்தினா போதும்' என்று தோன்றும். 23-ஐ மட்டும் பார்த்தால், 'குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை' என்று வாதிடலாம். குடிக்காத வீடுகளிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பெண் அடி வாங்கியிருக்கிறார். மனைவியைத் தனக்குக் கீழே வைத்துப் பார்க்கும் பழக்கம் குடிக்கு முன்பே இருக்கிறது. குடி அதைப் பல மடங்காக்குகிறது.

காசு விஷயமும் இதில் இருக்கிறது. அன்றாடக் கூலியில் பாதி கடையிலேயே போய்விட்டால், வாடகை, பால், பள்ளிக் கட்டணம் என எதைக் கேட்டாலும் சண்டைதான். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இதை முன்பே யோசித்திருக்கிறது. வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, பெண்ணின் நகையை விற்பது போன்றவற்றைப் 'பொருளாதார வன்முறை' என்றே அந்தச் சட்டம் வரையறுக்கிறது. அடி விழுந்தால்தான் குடும்ப வன்முறை என்றில்லை.

கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. வன்முறையை அனுபவித்த பெண்களில் 77 சதவீதம் பேர் உதவி கேட்டதும் இல்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை. உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். அவர்களிலும் பெரும்பாலோர் போனது அம்மா வீட்டுக்கு. போலீஸிடம் போனவர்கள் மிகச் சிலர். ஆக, இனி நாம் பார்க்கப்போகும் திட்டங்கள் எல்லாமே, வாய் திறந்து கேட்ட அந்தச் சிலரைச் சமாளிக்கவே திணறுகின்றன என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கணக்கு: அடிக்கு எவ்வளவு?

பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசுத் திட்டங்கள் இப்போது 'மிஷன் சக்தி' என்ற ஒரே குடையின் கீழ் இருக்கின்றன. அதற்குள் 'சம்பல்', 'சாமர்த்தியா' என இரண்டு பிரிவுகள். பாதுகாப்புக்கானது சம்பல். 181 மகளிர் உதவி எண், 'சகி' எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள், பெண் குழந்தைகளைக் காப்போம் திட்டம், நாரி அதாலத் எனப்படும் பெண்கள் மன்றங்கள் ஆகியவை இதில் அடக்கம்.

2025-26 மத்திய பட்ஜெட்டில் மிஷன் சக்திக்கு மொத்தம் 3,150 கோடி ரூபாய். அதில் சம்பலுக்கு 629 கோடி.

629 கோடி பெரிய தொகையாகத் தெரியலாம். நாட்டில் சுமார் 70 கோடி பெண்கள் இருக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால், ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்கு 9 ரூபாய். ஒரு டீக்கே இன்று அதற்கு மேல் ஆகிறது.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். அதே ஆண்டின் பாலின பட்ஜெட், அதாவது பெண்களுக்குப் பயன்படும் என்று அரசு பட்டியலிட்ட எல்லாத் திட்டங்களின் மொத்தம், 4.49 லட்சம் கோடி ரூபாய். அதோடு ஒப்பிட்டால், ஆயிரம் ரூபாய்க்கு 1 ரூபாய் 40 காசு அளவுதான் சம்பலுக்கு.

இந்தப் பணத்தில் என்ன நடக்கிறது? 2015 ஏப்ரலில் தொடங்கிய ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இன்று 800-க்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலும் மாவட்டத்துக்கு ஒன்று. மருத்துவம், போலீஸ், வழக்கறிஞர், மனநல ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதுதான் யோசனை. நல்ல யோசனை. ஆனால் தங்குவது ஐந்து நாள் வரைதான். குடிநோய்க்கான சிகிச்சை ஐந்து நாளில் முடியாது. ஆறாவது நாள் அவர் திரும்பிப் போகும் வீட்டில் என்ன மாறியிருக்கும் என்பதற்கு இந்தத் திட்டத்தில் பதில் இல்லை.

ஒதுக்கிய பணமும் முழுதாகச் செலவாவதில்லை. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு 2013-ல் நிர்பயா நிதி உருவானது. 2024-25 வரை அதற்கு ஒதுக்கப்பட்டது சுமார் 7,712 கோடி ரூபாய் என்றும், அதில் பயன்படுத்தப்பட்டது சுமார் 5,846 கோடி என்றும் அரசு சொல்கிறது. நான்கில் ஒரு பங்கு அப்படியே நிற்கிறது.

சட்டம் இருக்கிறது, அதிகாரி எங்கே?

குடும்ப வன்முறைச் சட்டம் 2006 அக்டோபர் 26-ல் நடைமுறைக்கு வந்தது. படித்துப் பார்த்தால் அசந்துபோவீர்கள். மனு கொடுத்தால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை. அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும். அடிப்பவரை அந்த வீட்டை விட்டு வெளியேறச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அவரை ஆலோசனைக்குப் போகச் சொல்லவும் அதிகாரம் உண்டு.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் நடுவில் ஒருவர் வேண்டும். அவர்தான் பாதுகாப்பு அதிகாரி. பெண்ணின் புகாரைப் பதிவு செய்வது, மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவது, உத்தரவு வந்தபின் அது நடக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அவர் வேலை.

ஆனால் இந்தச் சட்டத்தை அமல்படுத்த மத்திய பட்ஜெட்டில் தனியாக ஒரு திட்டம் கிடையாது. சுமை மாநிலங்களின் தலையில். பல இடங்களில் அங்கன்வாடிகளைக் கவனிக்கும் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் போன்றவர்களுக்கே இது 'கூடுதல் பொறுப்பு'. சத்துமாவு மூட்டையையும் கணக்குப் பார்க்க வேண்டும், அடிபட்ட பெண்ணோடு கோர்ட்டுக்கும் போக வேண்டும்.

இந்த நிலை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 ஜூலை நிலவரப்படி இந்தச் சட்டத்தின் கீழ் 4.71 லட்சம் வழக்குகள் நிலுவையில் இருப்பதாக நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. 2025 மே மாதம், பாதுகாப்பு அதிகாரிகள் இல்லாத இடங்களில் ஆறு வாரத்துக்குள் அவர்களை நியமிக்குமாறு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டம் வந்து ஏறத்தாழ 19 ஆண்டுகளுக்குப் பிறகு, அதை இயக்கும் ஆளை நியமிக்கவே நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டிருக்கிறது.

இரண்டாவது கணக்கு: குடிக்கு எவ்வளவு?

இப்போது அமைச்சகம் மாறுகிறது. சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளியானது. அதன்படி 10 முதல் 75 வயதுக்குட்பட்ட இந்தியர்களில் 14.6 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள். சுமார் 16 கோடிப் பேர். அவர்களில் குடியால் பிரச்னைக்குள்ளாகி உதவி தேவைப்படுவோர் 5.7 கோடி. அதிலும் குடியை விடவே முடியாத அளவுக்கு அடிமையானவர்கள் 2.9 கோடி.

இவர்களுக்குச் சிகிச்சை கிடைக்கிறதா? குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைத்திருக்கிறது. மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர்.

இதற்கான மத்திய அரசுத் திட்டத்தின் பெயர், போதைப்பொருள் தேவை குறைப்புக்கான தேசியச் செயல் திட்டம். 2025-26 ஒதுக்கீடு 333 கோடி ரூபாய். மறுவாழ்வு மையங்கள், விழிப்புணர்வுப் பிரசாரம், பள்ளி நிகழ்ச்சிகள் எல்லாம் இதற்குள். மது மட்டுமில்லாமல் கஞ்சா, ஹெராயின், மாத்திரைகள் என எல்லாப் போதைக்கும் சேர்த்து. ஒரு பேச்சுக்கு, முழுப் பணமும் மதுவுக்கே என்று வைத்துக்கொண்டாலும், உதவி தேவைப்படும் 5.7 கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 58 ரூபாய் வருகிறது.

சுகாதாரத் துறையின் மனநலத் திட்டங்களும், மாநிலங்களின் சொந்தச் செலவும் இதற்கு வெளியே இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். உதாரணமாக, கேரளத்தில் 2016-ல் தொடங்கிய 'விமுக்தி' இயக்கம் மாவட்டந்தோறும் போதை மீட்பு மையங்களை நடத்துகிறது. அதை நடத்துவது கலால் துறை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். மது வரியை வசூலிக்கும் துறையே மீட்புக்கும் பொறுப்பு.

தொகையை விட முக்கியமான சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்தக் கணக்கில் 'பயனாளி' என்றால் குடிப்பவர்தான். நாடாளுமன்றத்தில் அரசு தரும் பதில்களில் எத்தனை பேர் மையங்களில் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு விழிப்புணர்வு தரப்பட்டது என்ற எண்கள் வருகின்றன. அவர் வீடு திரும்பிய பிறகு மனைவி பாதுகாப்பாக இருந்தாரா என்ற எண் வருவதில்லை.

குடியை நிறுத்தினால் அடி நின்றுவிடுமா?

இந்தக் கேள்விக்கு இந்தியாவிலேயே, கவனமாகச் செய்த ஒரு ஆய்விலிருந்து பதில் இருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, அளவுக்கு மீறிக் குடிக்கும் ஆண்களிடம் அது நடத்தப்பட்டது. மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் அதிகபட்சம் நான்கு அமர்வுகளில் அவர்களோடு பேசினார்கள். 2017-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின.

மூன்று மாதங்களுக்குப் பிறகு, ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 26 சதவீதம். பெரிய மருத்துவமனை இல்லாமல், குறைந்த செலவில் குடியைக் குறைக்க முடியும் என்று இது காட்டியது. நல்ல செய்திதான்.

ஆனால் அதே ஆய்வு மனைவி மீதான வன்முறையையும் அளந்தது. அதில் இரு குழுக்களுக்கும் இடையே வித்தியாசம் தெரியவில்லை.

குடியைப் பற்றி மட்டும் பேசும் சிகிச்சை குடியைக் குறைக்கிறது. அடியைப் பற்றிப் பேசாத சிகிச்சையால் அடி தானாகக் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டையும் சேர்த்துத் தொடும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. பெங்களூருவில் 60 தம்பதிகளோடு நடந்த ஒரு முன்னோட்ட ஆய்வில், குடிக்காமல் இருந்தால் ஊக்கத்தொகை, கூடவே தம்பதிகளுக்கான ஆலோசனை என்று முயன்று பார்த்தார்கள். முடிவுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் 60 தம்பதிகளை வைத்து ஒரு நாட்டுக்கான திட்டம் போட முடியாது. இப்படிப்பட்டதைப் பெரிய அளவில் செய்து பார்க்க யாராவது பணம் தர வேண்டும். எந்த அமைச்சகம் தரும்? குடி என்றால் ஒருவர், அடி என்றால் இன்னொருவர்.

அப்படியானால் மதுவிலக்கு?

அடுத்து உங்களுக்குத் தோன்றும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பிகார் 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கேட்டது பெண்கள், குறிப்பாகச் சுய உதவிக் குழுப் பெண்கள்.

2024-ல் லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய இதழில் வந்த ஒரு ஆய்வு, பிகாரையும் அண்டை மாநிலங்களையும் ஒப்பிட்டது. மதுவிலக்கால் தினமும் அல்லது வாரந்தோறும் குடிப்போர் 24 லட்சம் பேர் குறைந்திருக்கலாம், கணவரின் வன்முறைக்கு ஆளாகும் பெண்கள் 21 லட்சம் பேர் குறைந்திருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. இதைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது.

மறுபக்கமும் உண்டு. மதுவிலக்கு வந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த கணக்கெடுப்பிலும், பிகாரில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 15.5 சதவீதம் பேர் குடிப்பதாகச் சொன்னார்கள். அகில இந்திய அளவு 18.8. கள்ளச்சாராயச் சாவுகள் நிற்கவில்லை. 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் டஜன் கணக்கில் செத்தார்கள். மதுவிலக்கு வழக்குகளால் நீதிமன்றங்கள் திணறின. ஏழைக் குடும்பங்களில் கணவர் சிறைக்குப் போனபோது, ஜாமீனுக்கு அலைந்ததும் மனைவிதான்.

இங்கே தரவைப் படிப்பதில் ஒரு எச்சரிக்கை. பிகாரில் 40 சதவீதப் பெண்கள் கணவரின் வன்முறையை அனுபவித்ததாக அதே கணக்கெடுப்பு சொல்கிறது. 'பார்த்தீங்களா, மதுவிலக்கு தோத்துப்போச்சு' என்று சமூக ஊடகங்களில் இதை எடுத்துப் போடுபவர்கள் உண்டு. அது சரியான வாதம் அல்ல. கேள்வி, 'எப்போதாவது நடந்ததா' என்பது. 2010-ல் வாங்கிய அடியும் அந்தக் கணக்கில் சேரும். கர்நாடகத்தில் அது 44, தமிழ்நாட்டில் 38. மது விற்கும் மாநிலமும், விற்காத மாநிலமும் இந்தப் பட்டியலின் மேல்பகுதியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

மூன்றாவது கணக்கு: பாட்டிலில் வரும் பணம்

அரசியல் சாசனப்படி மது, மாநிலப் பட்டியலில் இருக்கிறது. உற்பத்தி, விற்பனை, கலால் வரி எல்லாம் மாநிலத்தின் கையில். ஜிஎஸ்டி வந்தபோதும் குடிக்கும் மது அதற்கு வெளியே வைக்கப்பட்டது. மாநிலங்கள் தாமாகவே விகிதத்தை ஏற்றி இறக்கக்கூடிய மிகச் சில வரிகளில் இதுவும் ஒன்று. அதனால்தான் எந்தக் கட்சி ஆண்டாலும் இதை விட மனம் வருவதில்லை. அதே அரசியல் சாசனத்தின் 47-வது பிரிவு, மதுவைத் தடை செய்ய அரசு முயல வேண்டும் என்றும் சொல்கிறது.

அளவு புரிய ஒரு உதாரணம். தமிழ்நாட்டில் டாஸ்மாக் மூலம் 2024-25-ல் அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,344 கோடி ரூபாய். ஒரு நாளைக்குச் சுமார் 132 கோடி. இப்போது மேலே பார்த்த இரண்டு மத்தியத் திட்டங்களையும் கூட்டுங்கள். 629 கோடியும் 333 கோடியும் சேர்த்து 962 கோடி. ஆக, இந்தியா முழுவதுக்குமான சம்பல் திட்டமும் போதைத் தடுப்புத் திட்டமும் சேர்ந்து, ஒரே ஒரு மாநிலத்தின் ஒரு வார மது வருவாய் அளவுதான்.

இந்த ஒப்பீட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. ஒன்று மாநிலத்தின் வருமானம், மற்றது மத்திய அரசின் செலவு. இரண்டும் ஒரே பையில் இல்லை. மது வருவாயில் பெரும்பகுதி பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பெண்களுக்கான உதவித்தொகைகளுக்கும்தான் போகிறது என்று மாநிலங்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பொதுக் கணக்கில் கலந்துவிட்ட பணத்தில் குடியால் அடிபட்ட பெண்ணுக்கு எவ்வளவு போனது என்று யாராலும் எடுத்துக் காட்ட முடியாது.

'வரியைக் குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கு என்று ஒதுக்க முடியாது' என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. முடியும் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. இமாச்சலப் பிரதேசம் 2023-ல் ஒவ்வொரு மது பாட்டிலுக்கும் 10 ரூபாய் 'பால் செஸ்' விதித்தது. நோக்கம், பால் உற்பத்தியாளர்களுக்கு உதவி. ராஜஸ்தானும் உத்தரப் பிரதேசமும் பசுக்களைப் பராமரிக்க மதுவின் மீது கூடுதல் வரி போட்டிருக்கின்றன. பாட்டிலில் இருந்து பசுவுக்குப் பணம் பிரிக்க வழி இருக்கிறது என்றால், அந்தப் பாட்டிலால் நேரடியாகப் பாதிக்கப்படும் பெண்ணுக்கும் பிரிக்கலாம்.

இரண்டு பாதியையும் சேர்த்த இடங்கள் உண்டா?

உண்டு. 2000-ம் ஆண்டில் மும்பை பாந்த்ராவின் பாபா மருத்துவமனையில், மாநகராட்சியும் 'செஹத்' என்ற ஆய்வு அமைப்பும் சேர்ந்து 'திலாசா' என்ற மையத்தைத் தொடங்கின. யோசனை எளிமையானது. போலீஸ் நிலையத்துக்குப் போகத் தயங்கும் பெண்ணும், கை உடைந்தால் மருத்துவமனைக்கு வந்துதான் ஆக வேண்டும். 'படியில விழுந்துட்டேன்' என்று அவர் சொல்லும்போது, நர்ஸும் டாக்டரும் அதோடு விட்டுவிடாமல் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அதே கட்டடத்தில் ஆலோசகர் இருப்பார். பிறகு தேசிய சுகாதார இயக்கத்தின் பணத்தில் மகாராஷ்டிரத்தின் மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் இந்த முறை போனது. கேரள அரசு மருத்துவமனைகளில் இயங்கும் 'பூமிகா' மையங்களும் இதே வழிதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, பணம் சுகாதாரத் துறையுடையது. புதுக் கட்டடம் இல்லை, புது அமைச்சகம் இல்லை. குடிப்பவர் கல்லீரல் வீங்கி வருவதும் இதே மருத்துவமனைக்குத்தான். இரண்டு பேரும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். உள்ளே போனதும் இரண்டு வேறு துறைகளாகப் பிரிந்துவிடுகிறார்கள்.

என்ன கேட்க வேண்டும்?

'இன்னும் அதிக நிதி ஒதுக்குங்கள்' என்பது எளிதான கோரிக்கை. நிர்பயா நிதியில் மிச்சம் நிற்பதைப் பார்த்தோம். எனவே, அடுத்த மாநில பட்ஜெட்டின்போது உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இன்னும் குறிப்பாகக் கேட்கலாம்.

ஒன்று: எங்கள் மாவட்டத்தில் முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி இருக்கிறாரா, அல்லது 'கூடுதல் பொறுப்பு' மட்டும்தானா?

இரண்டு: அரசுப் பணத்தில் நடக்கும் போதை மறுவாழ்வு மையத்தில், வருபவரின் மனைவியிடம் தனியாகப் பேசுகிறார்களா? வீட்டில் அடி நடக்கிறதா என்று கேட்கிறார்களா? கேட்டுவிட்டு 181-க்கு அல்லது சேவை மையத்துக்கு அனுப்புகிறார்களா?

மூன்று: சேவை மையத்தின் ஆலோசகர், கணவரைச் சிகிச்சைக்கு அனுப்பும் வழி தெரிந்தவரா? அல்லது 'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, குடியை விட்டா சரியாயிடும்' என்று திருப்பி அனுப்புபவரா? குடியை விடுவேன் என்ற வாக்குறுதி பாதுகாப்பு உத்தரவுக்கு மாற்று ஆகாது. சிகிச்சை ஒரு பக்கம், அவர் பாதுகாப்பு இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும்.

நான்கு: மது வருவாயில் ஒரு சிறு பங்கை, இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யும் வேலைக்கென்று பட்ஜெட்டில் தனித் தலைப்பில் காட்டுவீர்களா? தனித் தலைப்பு இருந்தால்தான் அடுத்த ஆண்டு எவ்வளவு செலவானது என்று நீங்களும் நானும் தேடிக் கண்டுபிடிக்க முடியும்.

ஐந்து: வெற்றியை எப்படி அளக்கிறீர்கள்? எத்தனை முகாம் நடந்தது என்பதை வைத்தா, ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் பயமில்லாமல் தூங்குகிறாரா என்பதை வைத்தா?

இவற்றில் முதல் மூன்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. இரண்டு துறை அதிகாரிகள் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்த்தாலே தொடங்கிவிடலாம். புகார் கொடுக்க வரும் பெண் 'குடிச்சிட்டு வந்து அடிக்கிறாரு' என்று முழு வாக்கியமாகத்தான் சொல்கிறார். அதை முழுதாக எழுதிக்கொள்ளும் ஒரு படிவமாவது அரசிடம் இருக்க வேண்டும்.

உங்களுக்கோ தெரிந்தவருக்கோ உதவி தேவைப்பட்டால்

மகளிர் உதவி எண் 181, அவசர உதவிக்கு 112. இரண்டும் 24 மணி நேரமும் செயல்படும். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. மனநல உதவிக்கு 14416. நீண்ட காலம் தினமும் குடித்தவர் மருத்துவ உதவி இல்லாமல் திடீரென நிறுத்தினால் வலிப்பு போன்ற ஆபத்துகள் வரலாம். எனவே மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு. அடி விழும் வீட்டில் அந்தச் சிகிச்சை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 181-ஐ இன்றே அழைக்கலாம்.